புது டாங்க் போதும், புது நோக்கம் கொடுங்கள்: ஓகர் ஆட்டத்துக்கு சினாரியோ எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஓகர் என்ற மேசைப் போர் ஆட்டத்துக்குச் சொந்தமாக விதியும் சினாரியோவும் (யார் எங்கே நிற்பது, எது வெற்றி என்ற அமைப்பு) எழுதும் நண்பர்களுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறவன் நான். எதிரே உட்கார ஆள் கிடைத்தால் ஆடியும் பார்க்கிறேன். உங்களில் பலருடைய உழைப்பு பெரியது. ஆனால் ஒரு போக்கு கண்ணை உறுத்துகிறது. யார் எழுதினாலும் முதல் பக்கத்திலேயே ஒரு புது வண்டி வந்து நிற்கிறது. அதற்கு ஒரு தனி அட்டவணை, அந்த அட்டவணைக்கு ஒரு விதிவிலக்கு, விதிவிலக்குக்கு ஒரு அடிக்குறிப்பு. இதையெல்லாம் படித்து முடித்துப் பார்த்தால் சினாரியோ என்று இருப்பது இரண்டே வரி: 'இரு தரப்பும் எதிரெதிரே நிற்கட்டும். கடைசியில் மிஞ்சுபவருக்கு வெற்றி.' இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977-இல் ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்து, மெட்டாகேமிங் நிறுவனம் மைக்ரோகேம் வரிசையின் முதல் ஆட்டமாக வெளியிட்டது. விலை 2 டாலர் 95 சென்ட். ஒரு சின்ன வரைபடம், அட்டைக் காய்கள், விதிப் புத்தகம், அவ்வளவுதான். பகடையை நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் ஓகர்: ஓட்டுநர் இல்லாத, தானே யோசிக்கும் ராட்சத டாங்க். இன்னொரு பக்கம் ஒரு கட்டளை நிலையமும் அதைக் காக்கும் சாதாரணப் படையும். ஓகர் தெற்கு ஓரத்தில் நுழைந்து, வடக்கே இருக்கும் நிலையத்தை உடைத்துவிட்டு, வந்த வழியே திரும்பித் தப்பிக்க வேண்டும். நம்மூர் ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவருக்கு இதன் சுவையைத் தனியே விளக்க வேண்டாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. சமமில்லாத இரண்டு தரப்பு, ஆனால் சமமான ஆட்டம். அதில் நாலாவதாக ஒரு சிறுத்தையைச் சேர்க்கலாம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்தச் சமம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அடிப்படை சினாரியோவில் வரும் மார்க் 3 வகை ஓகரிடம் ஒரு முதன்மை பீரங்கி (தாக்குபலம் 4, எட்டும் தூரம் 3 கட்டம்), நான்கு துணை பீரங்கிகள் (தாக்குபலம் 3, தூரம் 2), இரண்டே இரண்டு ஏவுகணைகள் (தாக்குபலம் 6, தூரம் 5), ஆட்களைச் சுடும் எட்டுச் சின்னத் துப்பாக்கிகள், 45 சங்கிலிப்பட்டைப் புள்ளிகள் உண்டு. ஒரு முறைக்கு 3 கட்டம் நகரும். பட்டையில் 15 புள்ளி போனால் 2, 30 போனால் 1, முழுதும் போனால் நின்ற இடத்திலேயே நிற்கும். எதிர்த்தரப்புக்கு 12 கவச வண்டிகளும் 20 புள்ளி காலாட்படையும். எந்த 12 வண்டி என்பது காப்பவர் விருப்பம். ஹோவிட்சர் என்ற நெடுந்தூர பீரங்கி மட்டும் இரண்டு வண்டியாகக் கணக்கு.

இப்போது ஹோவிட்சரை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்குபலம் 6, எட்டும் தூரம் 8 கட்டம், ஆனால் நகராது. தாங்குபலமும் வெறும் 1. ஓகரின் ஏவுகணை அதன்மேல் விழுந்தால் பகடையே உருட்ட வேண்டாம், கதை முடிந்தது. ஆனால் ஏவுகணை எட்டுவது 5 கட்டம். ஓகர் 3 கட்டம் நகர்ந்து சுட்டாலும் கூட்டினால் 8. அதாவது ஹோவிட்சரின் எல்லைக்கு வெளியே, 9 கட்டத்தில் நிற்கிற ஓகர் 3 நகர்ந்தால் 6 கட்டத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து ஏவுகணை எட்டாது, ஹோவிட்சர் எட்டும். ஆக எப்படி வந்தாலும் ஹோவிட்சருக்கு ஒரு குண்டாவது கிடைத்துவிடும். அந்த ஒரு குண்டை எங்கே போடுவது? முதன்மை பீரங்கி மேலா (மூன்றில் ஒரு வாய்ப்பு), ஏவுகணை மேலா (இரண்டில் ஒன்று), பட்டை மேலா? இன்னொன்றையும் கவனியுங்கள். மார்க் 3-இடம் இருப்பது இரண்டு ஏவுகணை. மூன்றாவது ஹோவிட்சரை வைத்தால் ஓகர் அதைத் தேடிப் பக்கத்தில் வர வேண்டும். ஆனால் மூன்று ஹோவிட்சர் என்றால் உங்கள் 12-இல் 6 தீர்ந்துபோச்சு, அந்தப் பாதிப் படை நகராது. ஒரே ஒரு காய். அதற்குள்ளேயே இத்தனை யோசனை.

இதே கண்ணோடு ஜிஇவி-யைப் பாருங்கள். காற்று மெத்தைமேல் மிதந்து ஓடும் இந்த வண்டிக்கு ஒரு முறையில் இரண்டு நகர்வு உண்டு. முதலில் 4 கட்டம் வரலாம், சுடலாம், பிறகு 3 கட்டம் விலகி ஓடலாம். முதல் பதிப்பில் அந்த இரண்டாவது நகர்வும் 4-ஆகத்தான் இருந்தது. பிறகு 3-ஆகக் குறைத்தார்கள். ஒரு கட்டம் குறைத்ததில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். ஜிஇவி சுடும் தூரம் 2. சுட்டுவிட்டு 4 கட்டம் ஓடினால் இடைவெளி 6. ஓகர் 3 நகர்ந்து துரத்தினால் மிச்சம் 3. அந்தத் தூரத்தில் துணை பீரங்கி எதுவும் எட்டாது. ஒரே ஒரு முதன்மை பீரங்கியும், வீணாக்க மனம் வராத ஏவுகணைகளும்தான் பேசும். மூன்றே கட்டம் ஓடினால் இடைவெளி 5, ஓகர் நகர்ந்தபின் 2. நான்கு துணை பீரங்கிகளும் வரவேற்கத் தயார். ஒரு கட்டத்தில் ஆட்டமே புரண்டுவிடுகிறது.

அதோடும் முடியவில்லை. பட்டையில் 15 புள்ளி போய் ஓகரின் நகர்வு 2 ஆகிவிட்டால் பழைய கணக்கு திரும்ப வந்துவிடும்: இடைவெளி 5, ஓகர் 2 நகரும், மிச்சம் 3, துணை பீரங்கி எட்டாது. பட்டைமேல் சுடும்போது எப்போதும் மூன்றில் ஒரு வாய்ப்புதான். பட்டால் சுட்ட வண்டியின் தாக்குபலம் எவ்வளவோ அவ்வளவு புள்ளி போகும். அப்படியானால் 15 புள்ளி எடுக்கச் சராசரியாக 45 தாக்குபலத்தைச் செலவழிக்க வேண்டும். 12 ஜிஇவி-யும் சேர்ந்து சுட்டால் ஒரு முறைக்கு 24. ஏறத்தாழ இரண்டே முறை! அந்த இரண்டு முறையைத் தாக்குப்பிடிக்கிற ஜிஇவி-கள் அதற்குப் பிறகு ஓரளவு நிம்மதியாகச் சுற்றிச் சுற்றிக் கடிக்கலாம். முழு ஜிஇவி படையைப் பற்றி ஆட்டக்காரர்கள் இத்தனை வருஷமாகச் சண்டை போட்டுக்கொள்வது இதனால்தான்.

இதற்கு உங்களில் சிலர் எழுதும் மருந்துகளைப் பார்க்கிறேன். 'ஜிஇவி நான்குக்கு மேல் கூடாது' என்று ஒருவர். 'ஜிஇவி சுட்ட முறையில் ஒரு கட்டம்தான் விலகலாம்' என்று இன்னொருவர். ஜிஇவி-யை வேட்டையாடுவதற்கென்றே ஒரு புது வண்டியைக் கண்டுபிடித்தவரும் உண்டு. எனக்கு இவை எதுவும் பிடிக்கவில்லை. காரணம், மருந்து விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

வெற்றி நிபந்தனைகளைத்தான் சொல்கிறேன். ஓகர் ஆட்டத்தில் வெற்றி, தோல்வி என்று இரண்டு மட்டும் கிடையாது, படிப்படியாக இருக்கிறது. நிலையத்தை உடைத்துவிட்டு ஓகர் தப்பித்தால் ஓகருக்கு வெற்றி. உடைத்தும் தப்பிக்காவிட்டால் அரை வெற்றி. நிலையம் பிழைத்து ஓகரும் தப்பித்தால் காப்பவருக்கு அரை வெற்றி. நிலையம் பிழைத்து ஓகர் அழிந்தால் காப்பவருக்கு வெற்றி. அப்போது 30 தாக்குபலப் புள்ளியாவது களத்தில் மிஞ்சியிருந்தால் முழு வெற்றி. இந்த 30-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 12 ஜிஇவி என்றால் 24, காலாட்படை 20, மொத்தம் 44. அதில் 14 புள்ளிதான் இழக்கலாம். 12 கனரக டாங்க் என்றால் ஒவ்வொன்றும் 4, ஆக 48, காலாட்படையோடு 68. இவர் 38 புள்ளி இழந்தும் முழு வெற்றி வாங்கலாம். சாதாரண வெற்றி போதும் என்பவருக்கு ஜிஇவி நல்ல வண்டி. முழு வெற்றி வேண்டும் என்பவருக்கு அது ஆபத்தான சூதாட்டம். எந்தத் தடையும் போடாமல், ஒரு எண்ணை வைத்தே ஆட்டம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் நம் ரசிகர் சினாரியோக்களில் முதலில் காணாமல் போவது இந்தப் படிகள்தான். 'நிலையம் உடைந்தால் ஓகருக்கு வெற்றி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பிறகு ஜிஇவி அடங்க மாட்டேன் என்கிறது என்று புகார் சொல்வதில் நியாயமில்லை.

தப்பித்தல் நிபந்தனையை எடுத்துவிடுவது அதைவிட மோசம். திரும்பிப் போக வேண்டியதில்லை என்றால் ஓகருக்குப் பட்டை எதற்கு? நிலையத்துக்கு அருகே போய்ச் சேர ஒரு புள்ளி மிஞ்சினால் போதும். அப்புறம் காப்பவர் பட்டையைச் சுடுவதா பீரங்கியைச் சுடுவதா என்று யோசிக்கவும் வேண்டாம். ஆட்டத்தின் முதுகெலும்பே அந்த யோசனைதான் என்று நான் நினைக்கிறேன்.

வரைபடமும் அப்படித்தான். பள்ளங்களுக்குள் யாரும் போக முடியாது. இடிபாட்டுக் கோடுகளை ஓகரும் காலாட்படையும் தாண்டலாம், சாதாரண டாங்கும் ஜிஇவி-யும் தாண்ட முடியாது. நடுப்பகுதியில் 20 தாக்குபலத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. 10 ஜிஇவி நிறுத்தலாம், அல்லது 5 கனரக டாங்க். காலாட்படையைச் சேர்த்தால் அதுவும் குறையும். இந்த 20-ஐ 12 ஆக்கிப் பாருங்கள், அல்லது 30 ஆக்குங்கள். ஒரு புதுக் காய்கூட வெட்டாமல் வேறொரு ஆட்டம் கிடைக்கும். நிலப்பரப்பில் இன்னும் வகை வேண்டும் என்றால் 1978-இல் வந்த ஜிஇவி என்ற அடுத்த ஆட்டம் இருக்கவே இருக்கிறது. காடு, சதுப்பு, ஆறு, ஊர் எல்லாம் அதில் வந்துவிட்டன. ஊருக்குள் பதுங்கும் காலாட்படைக்குத் தாங்குபலம் மூன்று மடங்கு. அந்த ஒரு விதியை வைத்தே பத்து சினாரியோ எழுதலாம்.

டிரோன் பற்றி. உக்ரைன் போர்க் காட்சிகளைப் பார்த்த பிறகு 'எதிர்கால டாங்க் ஆட்டத்தில் டிரோன் இல்லாவிட்டால் எப்படி' என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் மேசைமேல் அது என்ன செய்யும்? வந்து அடித்துவிட்டு ஓடும் என்றால் அது ஜிஇவி. தூரத்திலிருந்து ஒரே முறை பாய்ந்து அழியும் என்றால் அது ஏவுகணை. கண்காணிக்கும் என்றால், எல்லாக் காயும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற ஆட்டத்தில் கண்காணிக்க என்ன இருக்கிறது? 1984-இல் ஷாக்வேவ் என்ற இணைப்பில் குரூஸ் ஏவுகணையையும் அதைச் சுட்டுவீழ்த்தும் லேசரையும் கொண்டுவந்தார்கள். அந்த உலகத்தில் வானத்தில் பறப்பது ஏன் ஆபத்து என்பதற்கு அங்கேயே பதில் இருக்கிறது. பைஃபேஸ் கார்பைடு கவசமும் சின்ன அணுகுண்டும் சர்வசாதாரணமாகப் புழங்கும் கற்பனை உலகம் இது. இன்றைய செய்தியை அப்படியே அதில் ஒட்டினால் ஒட்டாது.

புள்ளிக் கணக்கை நம்பி எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை. கவச வண்டிக்கு 6, ஹோவிட்சருக்கு 12, இலகு டாங்குக்கு 3, ஒரு காலாட்படைக் குழுவுக்கு 2, மார்க் 3-க்கு 100, அதைவிடப் பெரிய மார்க் 5-க்கு 150 என்பது இப்போதைய விலைப்பட்டியல். அடிப்படை சினாரியோவிலேயே கூட்டிப் பாருங்கள். 12 வண்டிக்கு 72, 20 காலாட்படைக்கு 40, மொத்தம் 112, எதிரே 100. மார்க் 5 வரும்போது 20 வண்டி, 30 காலாட்படை. அது 180, எதிரே 150. இரண்டும் நன்றாக ஆடப்படும் சினாரியோ, இரண்டிலும் புள்ளி சமமில்லை! இரு பக்கமும் 200 புள்ளி, எனவே சமம் என்று எழுதி முடிப்பவர்கள் இந்தக் கூட்டலை மறந்துவிடுகிறார்கள். அதே 6 புள்ளிக்கு ஜிஇவி-யும் கிடைக்கிறது, ஏவுகணை டாங்கும் கிடைக்கிறது. ஏவுகணை டாங்கைப் பாவப்பட்ட வண்டி என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. தூரம் 4, நகர்வு 2, தாங்குபலம் 2. துரத்தவோ ஓடவோ அதனால் ஆகாதுதான். ஆனால் நிலையத்துக்குப் பக்கத்தில், ஓகர் வந்தே தீர வேண்டிய இடத்தில், பள்ளத்துக்குப் பின்னால் நிறுத்துங்கள். துணை பீரங்கியைவிட இரண்டு கட்டம் கூடுதலாக எட்டும் அதன் அருமை அப்போது தெரியும். திறந்த வெளியில் இரண்டு படையை எதிரெதிரே நிறுத்தும் சினாரியோக்களில் அது உருப்படாதது வியப்பில்லை.

புதிதாக ஆட வருபவரையும் நினைவில் வையுங்கள். ஒரே காய் என்பதால் ஓகரைப் புதியவரிடம் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் இருவருமே புதியவர் என்றால் காப்பவர் பாடு திண்டாட்டம். 'எந்த 12 வேண்டுமானாலும் எடுத்துக்கொள்' என்பது அனுபவசாலிக்கு விருந்து, புதியவருக்குப் பரீட்சை. உங்கள் சினாரியோவின் அடியில் தயாராக ஒரு படையையும், அது எந்தெந்தக் கட்டத்தில் நிற்கும் என்பதையும் அச்சிட்டுவிடுங்கள். நாலு கனரக டாங்க், நாலு ஜிஇவி, இரண்டு ஏவுகணை டாங்க், ஒரு ஹோவிட்சர் என்றால் 12 கணக்கு சரி. சிறந்த படை அல்ல, ஆனால் எல்லா வண்டியும் என்ன செய்யும் என்று முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதால் நான் எழுதிக்கொண்டிருப்பதையும் உங்கள் முன் வைக்கிறேன். நிலையம் உடைந்துவிட்டது என்று ஆட்டம் தொடங்குகிறது. வடக்கே, நிலையம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மார்க் 5 நிற்கிறது. 60 பட்டைப் புள்ளியில் 30 மிச்சம், அதாவது நகர்வு 2. இன்னும் 10 போனால் 1. ஏவுகணை எல்லாம் தீர்ந்துவிட்டது. ஒரு முதன்மை பீரங்கி, மூன்று துணை பீரங்கி, ஆட்களைச் சுடும் ஆறு துப்பாக்கி. அது தெற்கு ஓரத்தை அடைந்து வெளியேற வேண்டும். காப்பவரிடம் சண்டையில் மிஞ்சிய இரண்டு கனரக டாங்க், மூன்று ஜிஇவி, எட்டுக் குழு காலாட்படை. காப்பவருக்குக் காக்க எதுவும் இல்லை, பழிதீர்க்கத்தான் இருக்கிறது. நேர் வழியில் போனால் தூரம் குறைவு, ஆனால் எல்லாரும் துரத்தலாம். இடிபாட்டைத் தாண்டிப் போனால் சுற்று, ஆனால் காலாட்படை தவிர யாரும் பின்னால் வர முடியாது. நகர்வு 2 என்பதால் ஜிஇவி-க்குத் துணை பீரங்கி பயம் இல்லை, ஒரே ஒரு முதன்மை பீரங்கிதான் பயம். அதை உடைக்கக் குண்டு செலவழித்தால் பட்டை பிழைக்கும்; பட்டையைச் சுட்டால் முறைக்கு ஒரு ஜிஇவி-யைப் பணயம் வைக்க வேண்டும்.

இது இன்னும் சமமாகவில்லை. காப்பவர் பக்கம் கொஞ்சம் கனம் கூடுதல். சரிசெய்ய ஓகருக்கு ஒரு பீரங்கியைக் கூட்டிக் கொடுப்பதா, அல்லது நாலு வரிசை தெற்கே தள்ளித் தொடங்க வைப்பதா? நான் இரண்டாவதைத்தான் செய்வேன், ஆனால் உங்கள் கருத்தும் வேண்டும். ஆடிப் பார்த்து எழுதுங்கள்.

இந்த ஆட்டத்தின்மேல் மக்களுக்கு இருக்கும் பிரியத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2012-இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் 20,000 டாலர் கேட்டபோது 5,512 பேர் சேர்ந்து 9,23,680 டாலர் கொடுத்தார்கள். வந்து சேர்ந்த பெட்டி 10 கிலோவுக்கு மேல். தூக்க முடியாத அந்தப் பெட்டி வந்த அதே காலத்தில்தான் பழைய 2 டாலர் 95 சென்ட் விலையிலேயே சின்னப் பதிப்பும் திரும்ப வந்தது. பெரிய பெட்டியை நான் குறை சொல்லவில்லை, அதிலுள்ள முப்பரிமாண அட்டை ஓகர்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நீங்கள் எழுதும் சினாரியோ சின்னப் பதிப்பை மட்டும் வைத்திருப்பவரும் ஆடக்கூடியதாக இருக்கட்டும் என்பது என் முக்கியமான வேண்டுகோள்.

கடைசியாக ஒரு சோதனை முறை. சினாரியோவை வெளியிடும் முன் காப்பவருக்கு முழுக்க ஜிஇவி கொடுத்து ஆடிப் பாருங்கள். பிறகு ஒரு ஜிஇவி-கூட இல்லாமல் ஆடுங்கள். பிறகு பக்கம் மாறி உட்கார்ந்து இரண்டையும் திரும்ப ஆடுங்கள். நான்கிலும் யாருக்கு எந்தப் படியில் வெற்றி கிடைத்தது என்பதைச் சினாரியோவின் கீழேயே எழுதிவிடுங்கள். படிப்பவர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.

அன்புடன்,
உங்கள் சினாரியோக்களை ஆடிப் பார்க்கும் ஒரு வாசகன்